லாக் நட் சாவி இல்லாமல் சக்கரம் கழற்றிய அனுபவம்

அலாய் வீல் போட்ட கார் வைத்திருக்கும் நண்பர்களிடம் நான் இப்போது முதலில் சொல்வது ஒன்றுதான்: டிக்கியைத் திறந்து, லாக் நட் சாவி இருக்கிறதா என்று ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். நிறையப் பேருக்குத் தங்கள் சக்கரத்தில் அப்படி ஒரு நட் இருப்பதே தெரிவதில்லை. பழைய காராக வாங்கியவர்களுக்கு இன்னும் தெரியாது. அது தெரியவரும் இடம் பெரும்பாலும் நடுரோடாக இருக்கிறது.

சக்கரத்தில் நான்கு நட் இருந்தால் மூன்று வழக்கமான அறுகோண நட்டாக இருக்கும். ஒன்று மட்டும் வெளிப்புறம் வழவழப்பாக, உருண்டையாக இருக்கும். முகப்பில் நெளிநெளியாக ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். அந்த நெளிவுக்கு ஏற்ற ஒரு சிறிய இரும்புத் துண்டுதான் சாவி. அதன் ஒரு முனை நட்டில் உட்காரும், மறுமுனையில் வீல் ஸ்பேனரை மாட்டித் திருப்பலாம். சக்கரத் திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. சாவி இல்லாவிட்டால் திருடனைப் போலவே வண்டிக்காரரும் வெளியில்தான் நிற்க வேண்டும்.

என்னுடையது பழைய ஹோண்டா சிட்டி. முன்பு வைத்திருந்தவர் கம்பெனி ரிம்மை எடுத்துவிட்டு வெளியில் அலாய் வாங்கிப் போட்டு, சக்கரத்துக்கு ஒரு லாக் நட்டும் மாட்டியிருந்தார். வண்டி கைமாறியபோது சாவி பத்திரமாக இருந்தது. பிறகு ஒரு டயர் கடையில் டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போடக் கொடுத்தோம். நட்டைச் சுழற்றும் அவர்களுடைய ஏர் கன்னின் சாக்கெட்டுக்குள்ளேயே, அதாவது நட்டின் மேல் கவிழும் குழல் முனைக்குள்ளேயே, சாவி தங்கிவிட்டது. சாவி தொலையும் வழிகளில் இதுதான் மிகச் சாதாரணமானது என்று பிற்பாடு பல மெக்கானிக்குகள் சொன்னார்கள். வேலை முடிந்ததும் கன்னைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். சாவி சாக்கெட்டின் அடியில் இருப்பது யார் கண்ணிலும் படாது.

கோயம்புத்தூரிலிருந்து சேலத்துக்கு ஒரு கல்யாணத்துக்காக மாமனாரும் நானும் போய்க்கொண்டிருந்தோம். சங்ககிரிக்குக் கொஞ்சம் முன்னால், சர்வீஸ் ரோட்டிலிருந்து மேலே ஏறும்போது ஏதோ இரும்புத் தகடு இடது முன் டயரைப் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. ஆணி குத்தியிருந்தால் கவலையில்லை. ட்யூப்லெஸ் டயர் என்பதால் சக்கரத்தைக் கழற்றாமலேயே ஸ்ட்ரிப் வைத்து அடைத்துவிடலாம். பக்கவாட்டுக் கிழிசலுக்கு அந்த வைத்தியம் செல்லாது, ஸ்டெப்னி மாற்றியே ஆக வேண்டும். மூன்று நட்டுகளுக்கு ஸ்பேனர் பொருந்தியது. நான்காவதுக்குச் சாவி தேடினோம். டூல் பை, ஸ்டெப்னிக் குழி, டேஷ்போர்டு பெட்டி, கதவுப் பை, சீட்டுக்கு அடியில் என்று எங்கும் இல்லை. டயர் கடைக்குப் போன் செய்தால், "பார்த்துச் சொல்றோம் சார்" என்றார்கள்.

இந்த இடத்தில் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கோவை – சேலம் சாலையில் லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். இடது ஓரம் என்பதால் குனிந்து வேலை செய்ய எங்களுக்கு இடம் இருந்தது. கிழிந்தது வலது பக்க டயராக இருந்தால் நான் அங்கே உட்கார்ந்திருக்கவே மாட்டேன். ஹஸார்டு விளக்கைப் போட்டு, முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைத்து, மாமாவைத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னேன். தேசிய நெடுஞ்சாலைகளில் எந்தச் சிக்கல் என்றாலும் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். ரோந்து வண்டி வந்து பின்னால் கூம்புகளை வைத்துவிட்டது. வண்டியைத் தூக்கிக்கொண்டு போக ஏற்பாடு செய்யலாம், நட்டைக் கழற்ற எங்களிடம் ஒன்றும் இல்லை என்றார்கள்.

"சங்ககிரியில் லாரிப் பட்டறைக்கா பஞ்சம், அங்கே யாரையாவது கூட்டிட்டு வரலாம் மாப்பிள்ளை" என்றார் மாமா. சரியான யோசனை. நாமக்கல்லுக்கு லாரி பாடி, திருச்செங்கோட்டுக்குப் போர்வெல் ரிக் வண்டி என்பது போல, சங்ககிரி லாரிகளுக்கும் லாரி முதலாளிகளுக்கும் பேர் போன ஊர். துருப்பிடித்த, முனை மழுங்கிய நட்டுகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள் அங்கே இருப்பார்கள். ஒரு பட்டறையிலிருந்து பெரியவர் ஒருவரும் ஒரு பையனும் டூவீலரில் பெட்டியோடு வந்து இறங்கினார்கள்.

பெரியவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. முதலில் டார்ச் அடித்து நட்டைப் பார்த்தார். விரலால் அதன் வெளிவளையத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு நட்டுக்கும் அலாய் துளையின் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். "வெளி வளையம் சுத்தலை. இடமும் இருக்குது. கழண்டுடுங்க தம்பி, கவலைப்படாதீங்க" என்றார்.

அவர் பார்த்த அந்த இரண்டு விஷயங்களும்தான் எந்த வழி சரிப்படும் என்பதை முடிவு செய்கின்றன. சில லாக் நட்டுகளில் வெளியே தனியாக ஒரு வளையம் இருக்கும். எதை வைத்துப் பிடித்துத் திருப்பினாலும் வளையம் மட்டும் சும்மா சுற்றும், உள்ளே இருக்கும் நட் அசையாது. அந்த வகைக்கு, முதலில் வளையத்தை வெட்டி எடுக்க வேண்டும், அல்லது அதை நட்டோடு சேர்த்து வெல்டிங் வைக்க வேண்டும். இன்னொன்று துளையின் அகலம். நட் ஆழமான, ஒடுக்கமான துளைக்குள் உட்கார்ந்திருந்தால் சாக்கெட்டின் சுவர் நுழையவே இடம் இருக்காது. வளையம் சுற்றாமல், சுற்றிலும் இடமும் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

பையன் மற்ற மூன்று நட்டுகளை லூஸ் செய்ய ஆரம்பித்தான். "அதைத் தொடாதடா, மூணும் இறுக்கமாவே இருக்கட்டும்" என்று பெரியவர் தடுத்தார். நாம் இயல்பாகச் செய்வது அந்தப் பையன் செய்ததைத்தான், கழலுகிறதை முதலில் கழற்றிவிடுவோம். அப்படிச் செய்தால் ரிம்மை அழுத்திப் பிடிக்கிற வேலை முழுக்க லாக் நட் தலையில் விழும். ரிம் லேசாகச் சாய்ந்தாலும் நட்டின் மரை இன்னும் இறுகும். மற்ற மூன்றும் முழு இறுக்கத்தில் இருந்தால் லாக் நட் மேல் உள்ள பாரம் குறைவு. யாராவது ஏற்கெனவே லூஸ் செய்திருந்தால்கூட, திரும்ப இறுக்கிவிட்டு லாக் நட்டைத் தொடுவது நல்லது. சக்கரமும் தரையிலேயே இருக்க வேண்டும். ஜாக்கி மேல் நிற்கும் வண்டியில் சுத்தியல் அடிப்பதோ நீளமான கம்பியைப் போட்டு அழுத்துவதோ உயிருக்கு ஆபத்து. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கியரில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தோம்.

பிறகு பெட்டியிலிருந்து பழைய சாக்கெட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக நட்டின் மேல் வைத்துப் பார்த்தார். உள்ளே ஆறு முனை உள்ளதை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டு முனை உள்ளதையே தேடினார். முனைகள் அதிகம் இருந்தால் உருண்டையான நட்டைப் பல இடங்களில் கடித்துப் பிடிக்கும். அளவு, நட்டை விட ஒரு மயிரிழை சின்னதாக இருக்க வேண்டும். கையால் வைத்தால் போகக் கூடாது, அடித்தால் மட்டும் போக வேண்டும். இதில் ஒரு அளவு தவறினாலும் சாக்கெட் நழுவி நட்டை இன்னும் வழவழப்பாக்கிவிடும் என்பதால் அளவு பார்ப்பதற்குத்தான் அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

சுத்தியலால் அடித்தது கொஞ்ச நேரம்தான். ஓங்கி ஒரே அடியாக அடிக்கவில்லை. நேராக, நடுத்தரமான அடிகளாகப் பல. அடிக்கிற அடி நேராக வீல் பேரிங்குக்குப் போகும் என்பதால் அப்படி. எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். லாக் நட் கடினமாக்கப்பட்ட இரும்பு. பளபளப்பான சாதாரண சாக்கெட்டுகள் அடி தாங்காமல் தெறிக்கவும் செய்யும். வீட்டில் செய்கிறவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இதில் இறங்கவே கூடாது.

சாக்கெட் நட்டின் அடி வரை இறங்கியதும் அதைத் திருப்பும் கம்பியான டாமி பாரைப் போட்டு, அதன் மேல் ஒரு இரும்புக் குழாயைச் செருகினார். வெட்டி இழுக்கவில்லை. உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயின் மேல் ஏற்றினார். 'டக்' என்று ஒரு சத்தம். நட் உடைந்துவிட்டதோ என்று எனக்குத் திக்கென்றது. "வந்துருச்சுங்க" என்றார். மரை விடுகிற சத்தம் அது.

ஸ்டெப்னி மாட்டும்போது இன்னொன்று நடந்தது. டூல் பையில் முன்பிருந்தவர் ஒரு பிளாஸ்டிக் கவரில் நான்கு பழைய நட்டுகளைப் போட்டு வைத்திருந்தார். எதற்கு என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. அலாயில் இருந்த நட்டையும் கவரில் இருந்த நட்டையும் பெரியவர் அருகருகே பிடித்துக் காட்டினார். அலாய் நட்டின் அடிப்பாகம் கூம்பு. கவரில் இருந்ததன் அடிப்பாகம் பந்து போல வளைந்திருந்தது. ஸ்டெப்னி கம்பெனி ரிம். ஹோண்டாவின் ஒரிஜினல் ரிம்களில் நட் உட்காரும் குழி பந்து வடிவம். வெளியில் வாங்கும் அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றில் போட்டாலும் மரை ஏறும், இறுகினாற்போலவும் இருக்கும். ஆனால் மெல்லிய ஒரு வட்டக் கோட்டில் மட்டுமே தொடும். ஓடும்போது நட் தளரும். பழைய நட்டுகளை எறிந்துவிடாமல் வைத்திருந்த அந்த மனிதருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். வெளி அலாய் போடுகிற எல்லோரும் கம்பெனி நட்டுகளில் ஒரு செட்டை ஸ்டெப்னியோடு கட்டாயம் வைத்திருங்கள்.

கல்யாணத்துக்கு முகூர்த்தம் தாண்டித்தான் போனோம். சாப்பாடு கிடைத்தது.

அன்று கழன்றது ஒரு நட். மீதி மூன்று சக்கரங்களிலும் ஒவ்வொன்று இருந்தது, அவற்றையும் எடுக்காமல் இனி வெளியூர் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். இப்போது அவசரம் இல்லை என்பதால் முதலில் சாவி கிடைக்குமா என்று தேடினேன். வீட்டில் நிற்கிற வண்டி என்றால் நீங்களும் இதையே முதலில் செய்யுங்கள். கம்பெனியே லாக் போல்ட் போட்டு விற்கும் வண்டி என்றால் வழி சுலபம். ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் போன்றவற்றில் சாவி மேல் ஒரு எண் பொறித்திருக்கும். எண் தெரிந்தால் புதிய சாவி வரவழைக்கலாம். எண் தெரியாவிட்டாலும் பொதுவாக அவர்களுடைய சர்வீஸ் சென்டரில் எல்லா எண்களுக்கும் உரிய செட் இருக்கும், வண்டியைக் கொண்டுபோனால் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக் கழற்றித் தருவார்கள். மெக்கார்டு போன்ற நல்ல பிராண்டு லாக்குகளிலும் சாவியில் குறியீடு உண்டு, கூடவே ஒரு அட்டையும் தருவார்கள். ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் வண்டிகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. போல்ட் தலை மேல் பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தே லாக் என்று நினைத்துப் பலர் திகைத்து நிற்கிறார்கள். சிறு கொக்கியால் இழுத்தால் மூடி வந்துவிடும், உள்ளே வழக்கமான அறுகோணம் இருக்கும்.

என்னுடையது பெயர் தெரியாத லாக். ஒரு வெள்ளைத் தாளை நட்டின் முகப்பில் வைத்துப் பென்சிலால் தேய்த்து நெளிவைப் பதித்து எடுத்துக்கொண்டேன். அதோடு கார் அக்ஸஸரீஸ் கடைகளில் கேட்டேன். இந்த விலை குறைந்த லாக் செட்டுகளில் சில வடிவங்களே திரும்பத் திரும்ப வரும். அதனால் கடைக்காரரின் டப்பாவில் அனாதையாகக் கிடக்கும் பழைய சாவிகளில் ஒன்று பொருந்திவிட வாய்ப்பு உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன, தேடிப் பார்க்கலாம். எனக்குப் பொருந்தவில்லை. கிட்டத்தட்டப் பொருந்துகிற சாவி ஒன்று கிடைத்தது, அதை வாங்காமல் வந்தேன். கிட்டத்தட்டப் பொருந்தும் சாவி நெளிவின் ஓரங்களைச் சிதைத்துவிடும். அப்புறம் சரியான சாவியே கிடைத்தாலும் பயன்படாது.

சாக்கெட் அடிக்கும் முறைக்குப் பதிலாக வீட்டில் எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் செட் வாங்கினேன். பார்க்கச் சாக்கெட் போலவே இருக்கும், உள்ளே பற்கள் இடப்பக்கமாகச் சுருண்டு போகும். நட்டின் மேல் வைத்து லேசாக அடித்துவிட்டு இடப்பக்கம் திருப்பினால், திருப்பத் திருப்பப் பற்கள் இன்னும் ஆழமாகக் கடிக்கும். பழைய சாக்கெட் முறையை விட இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதிகம் அடிக்க வேண்டியதில்லை, நழுவுவதும் குறைவு. இரண்டு சக்கரங்களில் சிரமமில்லாமல் வந்துவிட்டது. கழன்ற நட் சில சமயம் சாக்கெட்டுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு வெளியே வராது. அப்போது பின்பக்கச் சதுர ஓட்டை வழியாக ஒரு இரும்புக் கம்பியை விட்டுத் தட்டினால் விழுந்துவிடும்.

எண்ணெய் அடிக்கலாமா என்று பலர் கேட்பார்கள். நானும் டபிள்யூடி-40 வாங்கி வைத்திருந்தேன், உபயோகப்படவில்லை. லாக் நட்டின் முகப்பு மூடியிருக்கும். முன்னாலிருந்து எவ்வளவு அடித்தாலும் மரைக்குப் போகாது. வழிந்து பிரேக் டிஸ்க் மேல் படுவதுதான் மிச்சம். அதுவும் இல்லாமல் வீல் மரைகள் எண்ணெய் இல்லாமல் இருக்க வேண்டியவை. எண்ணெய் பட்ட மரையில் அதே அளவு பலம் கொடுத்தாலும் போல்ட் கூடுதலாக இழுபடும்.

இடது பின்சக்கரம்தான் உண்மையான சிக்கல். முன்பு எப்போதோ யாரோ ஏர் கன்னை வைத்துத் திருப்பியதில் நெளிவு நொறுங்கி, நட்டும் அளவுக்கு மீறி இறுகியிருந்தது. எக்ஸ்ட்ராக்டர் கடித்தது, பிறகு நட்டின் மேல்தோலைச் சீவிக்கொண்டு சுற்றிவிட்டது. அதற்கு மேல் நான் முயலவில்லை. ஒவ்வொரு தடவை நழுவும்போதும் அடுத்தவர் பிடிக்க வேண்டிய இரும்பு குறைகிறது. கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. வண்டியை மெதுவாக அங்கே ஓட்டிப்போனேன்.

பட்டறைக்காரர் இரண்டு வழி சொன்னார். நட்டின் நடுவே டிரில் போட்டு, உள்ளே இருக்கும் ஸ்டட்டோடு (நட் ஏறும் மரைக் கம்பி) சேர்த்துத் தின்றுவிடுவது ஒன்று. நட் கடின இரும்பு என்பதால் கோபால்ட் பிட் வேண்டும், நேரமும் ஆகும், ஸ்டட் கண்டிப்பாகப் போய்விடும். இன்னொன்று, லாக் நட்டின் முகப்பில் ஒரு சாதாரண நட்டை வைத்து உள்பக்கமாக வெல்டிங் அடைத்து, அந்த நட்டை ஸ்பேனரால் திருப்புவது. வெல்டிங்கின் சூட்டிலேயே மரைப்பிடி பாதி விட்டுவிடும். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

தெருவில் கிடைக்கிற வெல்டரிடம் இதைச் செய்யச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காற்றடைத்த டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் சூடு ஏற்றினால், உள்ளே ரப்பர் கருகி எரியும் வாயுக்கள் சேர்ந்து டயர் வெடிக்கலாம். வெல்டிங் முடிந்து கொஞ்ச நேரம் கழித்துக்கூட வெடிக்கலாம். அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. காற்றை இறக்கினால் மட்டும் போதாது. பட்டறைக்காரர் வால்வு பின்னையே கழற்றிவிட்டார், உள்ளே எது உண்டானாலும் வெளியேற வழி இருக்கட்டும் என்று. பேட்டரி டெர்மினலைக் கழற்றினார். எர்த் கிளிப்பை பாடியில் எங்கோ மாட்டாமல் சக்கரத்திலேயே, வேலை நடக்கும் இடத்துக்கு மிக அருகில் மாட்டினார். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகவும் ஏபிஎஸ் சென்சார் பக்கமாகவும் பாயும். துளையைச் சுற்றி ஈரத்துணி வைத்துக்கொண்டு, விட்டுவிட்டு வெல்டிங் வைத்தார். கேஸ் வைத்து நட்டைச் சிவக்கக் காய்ச்சலாமே என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். பட்டறைக்காரர் அதைக் கேட்கவில்லை, நல்லது. அலாய் ரிம் வெப்பப் பதனம் செய்து வலுவேற்றிய அலுமினியக் கலவை. கண்டபடி சூடேற்றினால் அந்த வலு இறங்கிவிடும், வெளியே பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஆற விட்டுத் திருப்பியதும் நட் வந்தது, ஸ்டட்டின் மரையில் பாதியையும் கொண்டுவந்தது. பின்பக்கம் டிரம் பிரேக் என்பதால் டிரம்மைக் கழற்றி, பழைய ஸ்டட்டைத் தட்டி வெளியேற்றி, புதியதைப் போட்டார்கள். சில வண்டிகளின் முன்சக்கரத்தில் இதே வேலைக்கு சக்கரம் மாட்டும் ஹப்பையே வெளியே எடுத்துப் பேரிங்கும் மாற்ற வேண்டிவரும். முன்சக்கர நட் அடம்பிடித்தால் டிரில்லை நாடும் முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புது நட் வாங்கும்போது கடையில் "காருக்கு வீல் நட்" என்று மட்டும் கேட்டால் எதையோ எடுத்துக் கொடுப்பார்கள். மரை அளவைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாய் கார்களில் பெரும்பாலும் 12 மி.மீ. ஸ்டட், மரை இடைவெளி 1.5 மி.மீ. மாருதி சுஸுகியில் அதே 12 மி.மீ. ஸ்டட், மரை இடைவெளி 1.25 மி.மீ. இரண்டும் கையில் பார்க்க ஒன்று போலவே இருக்கும், மாற்றிப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறி, பிறகு மரையைக் கெடுக்கும். கையால் சில சுற்று தடையில்லாமல் ஏறிய பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். அடிப்பாகம் கூம்பா பந்தா என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

இறுக்கும் அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாவியின் நெளிவு நொறுங்குவதும் நட் அடம்பிடிப்பதும் பெரும்பாலும் அதிக இறுக்கத்திலிருந்துதான் தொடங்குகின்றன. என் வண்டிக்கு 108 நியூட்டன் மீட்டர், அதாவது சுமார் 11 கிலோகிராம்–மீட்டர். டூல் பையில் வரும் ஸ்பேனர் ஏறக்குறைய ஒரு அடி நீளம் என்று வைத்துக்கொண்டால், அதன் முனையில் சுமார் 37 கிலோ அழுத்தினால் போதும். 70 கிலோ எடையுள்ளவர் அதன் மேல் ஏறி நின்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. ஏறிக் குதிப்பவர்கள், கடைசியில் ஏர் கன்னை 'டர்ர்' என்று விட்டுப் பிடிப்பவர்கள் எல்லோரும் ஸ்டட்டை இழுத்து நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிவிட்டேன். குறுக்குக் குறுக்காக நட்டுகளை இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை ரெஞ்சை வைத்துப் பார்க்கிறேன். அலாயில் இந்த மறுபரிசோதனை தேவைப்படும்.

திரும்ப லாக் நட் போட வேண்டுமா என்று கேட்டால், என் அபிப்பிராயம் வேண்டாம் என்பது. என் வண்டி இரவில் வீட்டு கேட்டுக்குள் நிற்கிறது. எக்ஸ்ட்ராக்டர் செட் எனக்குக் கடையில் கிடைத்தது போலத் திருடனுக்கும் கிடைக்கும். விலை உயர்ந்த அலாய் போட்டு வண்டியைத் தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு நியாயம் வேறு. செங்கல் மேல் காரை நிறுத்திவிட்டுச் சக்கரங்களைக் கழற்றிப் போகும் செய்திகள் வரத்தான் செய்கின்றன. கொஞ்சம் நேரம் பிடிக்கும் வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கத் திருடனுக்குத் தோன்றினால் அதுவே லாபம்.

லாக் வைத்துக்கொள்கிறவர்கள் சாவியின் நெளிவையும் அதில் உள்ள குறியீட்டையும் தெளிவாகப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். செட்டில் இரண்டு சாவி வந்தால் ஒன்று வீட்டில் இருக்கட்டும். டயர் கடையில் வண்டியை விடும்போது சாவியை நீங்களே கையில் கொடுங்கள். லாக் நட்டை மட்டும் கன் இல்லாமல் கையால் கழற்றி, கையால் இறுக்கச் சொல்லுங்கள். மெல்லிய நெளிவு ஏர் கன்னின் அதிர்வைத் தாங்காது. பில் கொடுக்கும் முன் சாவியைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அவர்கள் தேடினால், கன்னில் மாட்டியிருக்கும் சாக்கெட்டுக்குள் பார்க்கச் சொல்லுங்கள்.